உப்புத்தாளின் வரலாறு: மரக்கலங்களும் தேய்பொருள்களும்



கப்பல்களின் வரலாற்றை எழுதியோர் பலர். கப்பலைக் கட்டியவர், செலுத்தியவர், அதில் சரக்கேற்றிப் பொருளீட்டியவர், அதில் ஏறிப் போரிட்டவர் ஆகிய அனைவருக்கும் ஏடுகளில் இடமுண்டு. ஆனால் அக்கப்பலின் பலகையைத் தேய்த்து மழமழப்பாக்கிய கைகளுக்கும், அக்கைகள் பிடித்திருந்த பொருளுக்கும் யாரும் அதிகமாக இடம் தந்ததில்லை. நம் தச்சர்கள் ‘உப்புத்தாள்’ என்று வழங்கும் அந்த எளிய பொருளுக்குப் பின்னே சுறாமீனின் தோலும், கிரேக்கத் தீவின் கருங்கல்லும், நம் கொங்கு நாட்டு மண்ணில் கிடைக்கும் குருந்தக்கல்லும், அமெரிக்க மின்சார உலையும் நிற்கின்றன. அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண விழைகிறோம்.

மரத்திற்கு ஏன் பூச்சு?

கடலில் மிதக்கும் மரத்திற்குப் பகைவர் பலர். நீர் ஊறினால் மரம் பருக்கும். வெயிலில் காய்ந்தால் சுருங்கும். இவ்விரண்டும் மாறி மாறி நிகழ்ந்தால் வெடிக்கும். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் மரத்தின் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைத்துவிடும். வெயிலில் கிடந்த பலகை சாம்பல் நிறம் பெறுவது இதனாலேயே. நன்னீர் தேங்கினால் காளான் பிடித்து மரம் உளுத்துப் போகும். ஆகவே மரத்தின் மீது எண்ணெயையோ வார்னிஷையோ பூசி நீரையும் ஒளியையும் தடுப்பது கடலோடிகளின் பழைய வழக்கம்.

பூச்சு என்பது நிலையானதன்று. அது தேயும், வெளுக்கும், உரியும். உரிந்த பூச்சின் மேல் புதிய பூச்சைப் பூசினால் அது பழையதோடு சேர்ந்தே உரிந்து விழும். எனவே பழையதை நீக்கிப் பலகையைச் செம்மை செய்த பின்னரே புதியதைப் பூச வேண்டும். இந்த நீக்குதலுக்கும் செம்மை செய்தலுக்கும் உரிய கருவியே தேய்பொருள். அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் பூச்சு மட்டுமன்று, பலகையே பாழாகும் என்பதைப் பின்னர் காண்போம்.

ஒரே மீனிலிருந்து எண்ணெயும் தோலும்

கி.பி. 1183ஆம் ஆண்டு ஸ்பெயினின் கிரானடாவிலிருந்து ஹஜ் பயணம் புறப்பட்ட இப்னு ஜுபைர் அவர்கள், செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்திலிருந்து ஜித்தாவுக்குக் கடந்தார்கள். அங்குத் தாம் கண்ட ‘ஜல்பா’ என்னும் மரக்கலங்களைப் பற்றித் தமது பயண நூலில் விரிவாக எழுதியுள்ளார்கள். அவற்றில் ஆணியே இல்லை. தென்னை நாரால் திரித்த கயிற்றினால் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. கட்டி முடித்த பின்னர் நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ பூசுவர்; இவற்றுள் சுறா எண்ணெயே மிகச் சிறந்தது என்பது அவர்கள் தரும் செய்தி. அடுத்த நூற்றாண்டில் ஹொர்முஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோவும் அங்குள்ள கப்பல்களுக்குக் கீல் பூசாமல் மீன் எண்ணெய் பூசுவதைக் குறித்துள்ளார். அரபுக் கடலின் தோணிகளுக்கு மீன் எண்ணெய் பூசும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

எண்ணெய் பூச்சுக்கு ஒரு பெரும் வசதி உண்டு. அது மரத்திற்குள் ஊறுமேயன்றி மேலே கண்ணாடி போன்ற படலமாகத் தங்குவதில்லை. ஆகவே அதை உரிக்க வேண்டியதில்லை. கழுவிக் காயவைத்து மீண்டும் பூசினால் போதும். தேய்க்கும் வேலை குறைவு. ஆனால் அழகும் மின்னலும் கிடையா. அடிக்கடி பூசவும் வேண்டும்.

சுறா எண்ணெய் மட்டுமன்றிச் சுறாத் தோலும் மரத்தொழிலுக்குப் பயன்பட்டது என்பது வியப்பிற்குரியது. சுறாவின் தோலைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் மழமழவென்றிருக்கும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் கையைக் கிழிக்கும். அதன் செதில்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய பல் போன்ற அமைப்புடையவை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, சுறா இனத்தைச் சேர்ந்த ஒரு மீனின் தோலைக் கொண்டு மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றினர் என்று எழுதி வைத்துள்ளார். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ‘குதிரைவால்’ எனப்படும் ஒருவகைப் பூண்டின் தண்டும் இதே வேலைக்குப் பயன்பட்டது. அத்தண்டின் தோலில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா இயற்கையாகவே படிந்திருப்பதே அதன் சொரசொரப்புக்குக் காரணம்.

மண்டியிட்டுத் தேய்த்த மாலுமிகள்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கக் கடற்படைகளில் மேல்தளப் பலகைகளைத் தேய்ப்பது மாலுமிகளின் அன்றாடக் கடமையாக இருந்தது. மென்மையான மணற்பாறைக் கட்டிகளைக் கொண்டு, மணலும் கடல்நீரும் இட்டு, முழந்தாளிட்டுத் தேய்ப்பர். இக்கல்லுக்கு ஆங்கிலத்தில் ‘ஹோலிஸ்டோன்’, அதாவது ‘புனிதக்கல்’ என்று பெயர். மண்டியிட்டுச் செய்யும் வேலையாதலால் பெரிய கல்லைப் ‘பைபிள்’ என்றும், மூலைமுடுக்குகளைத் தேய்க்கும் சிறிய கல்லைப் ‘பிரார்த்தனைப் புத்தகம்’ என்றும் மாலுமிகள் கேலியாக அழைத்தனர். கயிறு கட்டி இருபுறமும் இழுக்கும் மிகப்பெரிய கல்லுக்குக் ‘கரடி’ என்று பெயர்.

இவ்வாறு தேய்த்த தளம் வெண்மையாகப் பளிச்சிட்டது. ஆயினும் ஒவ்வொரு தேய்ப்பும் பலகையில் ஒரு மெல்லிய அடுக்கை அள்ளிச் சென்றது. விலையுயர்ந்த தேக்குத் தளங்கள் ஆண்டுக்காண்டு மெலிந்தன. இதனைக் கண்ட அமெரிக்கக் கடற்படை 1931ஆம் ஆண்டில் இக்கல்லால் தேக்குத் தளங்களைத் தேய்ப்பதைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. தூய்மைக்காகச் செய்த வேலையே பொருளை அழித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேக்கின் அருமையை உணர ஓர் எடுத்துக்காட்டு காட்டலாம். ‘திருக்கோணமலை’யின் பெயர் தாங்கிய ‘எச்.எம்.எஸ். டிரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் 1817ஆம் ஆண்டில் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்து கொண்டிருக்கிறது. அத்தகைய மரத்தைப் பொருத்தமற்ற தேய்பொருளால் கரைப்பது செல்வத்தைக் கடலில் கொட்டுவதற்கு ஒப்பானதாகும்.

கண்ணாடித் தாள்

தோலும் கல்லும் போய்த் தாள் வந்தது எவ்வாறு? 1833ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஜான் ஓக்கி என்பவர் கண்ணாடித் தூளைத் தாளில் ஒட்டிப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1834இல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் ஃபிஷர் மணல்தாள் தயாரிப்புக்கான காப்புரிமை பெற்றார். தாளில் பரல்கள் உப்பைத் தூவினாற்போல் தோன்றும். நம்மவர் ‘உப்புத்தாள்’ என்று பெயரிட்டதும் இத்தோற்றத்தாலேயே போலும்.

அக்காலத் தாள்களில் இரு குறைகள் இருந்தன. முதலாவது, கண்ணாடியும் மணலும் விரைவில் மழுங்கின. இரண்டாவது, பரல்களை ஒட்டிய பசை விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். வச்சிரம் நீர் பட்டால் இளகும். உப்புக் காற்றும் ஈரமும் நிறைந்த படகுத் துறையில் அத்தாள் நமத்துப் பரல்களை உதிர்த்தது. முதல் குறைக்குக் கடினமான கல்லும், இரண்டாம் குறைக்கு நீர் புகாத பசையும் தேவைப்பட்டன. அவ்விரண்டும் கிடைத்த கதையே இனி வருவது.

நம் நாட்டுச் சொல் உலகெங்கும்

கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில் ‘எமரி’ என்னும் கருநிறக் கல் பண்டைக்காலம் முதல் வெட்டி எடுக்கப்பட்டு வந்தது. பிளினியின் நூலிலும் அதற்கு இடமுண்டு. நீண்ட காலம் உலகின் எமரி வணிகம் அத்தீவையே நம்பியிருந்தது. 1840களின் பிற்பகுதியில் உதுமானியப் பேரரசின் பணியில் இருந்த அமெரிக்க வேதியியலறிஞர் லாரன்ஸ் ஸ்மித், இஸ்மீர் நகரை அடுத்த பகுதிகளில் எமரிப் படிவுகளைக் கண்டறிந்து வெளிப்படுத்திய பின்னரே அத்தனியுரிமை தளர்ந்தது. அரபு மொழியில் இக்கல்லுக்கு ‘ஸுன்பாதஜ்’ என்று பெயர். இன்றும் அரபு நாடுகளில் வேலை செய்யும் நம் சகோதரர்கள் கடைகளில் உப்புத்தாளை ‘ஸன்ஃபரா’ என்று கேட்டு வாங்குகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

எமரியைத் தேய்பொருளாக்குவது அதிலுள்ள ஒரு கனிமம். அதற்கு உலகம் முழுதும் வழங்கும் பெயர் ‘கொரண்டம்’. இப்பெயர் எங்கிருந்து வந்தது? தமிழின் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்தே வந்ததென ஆங்கிலப் பேரகராதிகள் தெரிவிக்கின்றன! மாணிக்கமும் நீலமும் இதே குருந்தத்தின் இரத்தின வகைகளே. 1812ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் வைரத்திற்குப் பத்தாம் இடம். குருந்தத்திற்கு ஒன்பதாம் இடம். மணலிலுள்ள குவார்ட்ஸ் ஏழாம் இடத்திலேயே நிற்கிறது.

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் இக்கல் இயற்கையாகக் கிடைக்கிறது. அதைப் பொடித்து, சலித்து, அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்துச் சாணைக்கல் செய்வது நம் நாட்டுப் பழந்தொழில். வாளையும் கத்தியையும் தீட்டியதும் இரத்தினங்களைப் பட்டை தீட்டியதும் அச்சாணையே. கல்லைப் பொடித்து ஒரு பிசினில் பிணைத்து வேலைக்கேற்ற வடிவில் ஆக்குதல் என்னும் கருத்து இன்றைய தொழிற்சாலைகளின் அடிப்படைக் கருத்தாகும். அதை எழுத்தறியாத நம் கைவினைஞர்கள் எப்போதோ கைக்கொண்டிருந்தனர். 1798ஆம் ஆண்டில் லண்டனில் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த குருந்தக்கல்லைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்ட பின்னர் ஐரோப்பிய அறிவியலில் அப்பெயர் நிலைபெறலாயிற்று.

உலையில் பிறந்த கல்

1891ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வர்ட் அச்செசன் என்பவர் ஓர் இரும்புப் பாத்திரத்தில் களிமண்ணையும் கல்கரித் தூளையும் இட்டு, அதனூடே வலிய மின்சாரத்தைச் செலுத்தினார். ஆறிய பின்னர் மின்முனையில் ஒட்டியிருந்த சிறு மின்னும் படிகங்கள் கண்ணாடியைக் கீறின. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் அது என எண்ணி ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த சிலிக்கன் கார்பைடு ஆகும். பொருள் வேறாயினும் பெயர் நிலைத்தது. தமிழ்ச் சொல்லொன்று அமெரிக்கத் தொழிற்சாலையின் பெயர்ப்பலகையில் ஏறிய வரலாறு இதுவே! 1893இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. தொடக்கத்தில் இரத்தின வணிகர்களுக்குச் சிறிது சிறிதாக விற்கப்பட்ட அப்பொருள், நயாகரா நீர்வீழ்ச்சியின் மலிவான மின்சாரத்தை நாடி 1895இல் அங்குத் தொழிற்சாலை சென்ற பின்னர் எங்கும் பரவிற்று.

அப்பெயர் 1954ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டிற்கே திரும்பி வந்தது. முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் சேர்ந்து சென்னையில் ‘கார்போரண்டம் யுனிவர்சல்’ நிறுவனத்தைத் தொடங்கினர். குருந்தம் புறப்பட்ட நாட்டிற்கே புதுக்கோலத்தில் வந்து சேர்ந்தது எனலாம். அதேவேளை மின்சார உலைகளில் செயற்கைக் குருந்தமான அலுமினியம் ஆக்சைடும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கவே, நக்ஸோஸ் தீவின் சுரங்கத் தொழிலாளரும், மண்ணில் கல் பொறுக்கிப் பிழைத்த நம் நாட்டு எளியோரும் தங்கள் பிழைப்பில் பெரும் சரிவைக் கண்டனர். ஒரு புதுப்பொருளின் வரவு மற்றொரு கூட்டத்தாரின் அடுப்பை அணைத்துவிடுகிறது என்பதையும் வரலாற்றில் நாம் பதிவு செய்தாக வேண்டும்.

ஏமாற்றத்தில் தொடங்கிய நிறுவனம்

1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் குருந்தம் கிடைத்துவிட்டதாக நம்பி ஐவர் கூடி ஒரு சுரங்க நிறுவனம் தொடங்கினர். பின்னர் அது குருந்தமன்று, அனார்த்தொசைட் என்னும் பயனற்ற பாறை எனத் தெரியவந்தது. (இதில் ஒரு வியப்பு: நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் இதே வகைப் பாறை உண்டு, ஆனால் அங்கே அப்பாறைக்குள் உண்மையான குருந்தமும் இருக்கிறது.) சுரங்கம் பொய்த்த பின்னர் அவர்கள் வெளியிலிருந்து கல் வாங்கி உப்புத்தாள் செய்யலாயினர். அந்நிறுவனமே இன்று ‘3எம்’ என்று உலகறிந்தது.

சோதனை அத்துடன் முடியவில்லை. 1914ஆம் ஆண்டில் அவர்களின் தாள்களிலிருந்து பரல்கள் உதிர்வதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். விசாரித்ததில், ஸ்பெயினிலிருந்து வந்த கார்னெட் கற்கள் கப்பலில் ஒலிவ எண்ணெயில் நனைந்திருந்தது தெரிந்தது. எண்ணெய் பட்ட கல்லில் பசை எவ்வாறு ஒட்டும்? கற்களை வறுத்து எண்ணெயைப் போக்கி நிலைமையைச் சமாளித்தனர். தரம் பார்த்தே சரக்கு அனுப்ப வேண்டும் என்ற படிப்பினையும் பெற்றனர்.

படகுத் தொழிலுக்குப் பெருந்துணையாக அமைந்தது 1921ஆம் ஆண்டில் வந்த ‘வெட்-ஆர்-டிரை’ என்னும் நீர்த்தாள். ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்ட இம்முறையில் நீர் பட்டாலும் பசை இளகுவதில்லை. தாளை நீரில் நனைத்தே தேய்க்கலாம். நீர் தூளைக் கழுவிச் செல்வதால் தாள் அடைபடுவதில்லை. தேய்ப்பும் மென்மையாக அமைகிறது. எல்லாவற்றிலும் மேலாகத் தூசி காற்றில் பறப்பதில்லை. மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளரை வாட்டிய தூசித் தொல்லைக்கு இது பெரும் நிவாரணமாக அமைந்தது. விரைவில் படகு வார்னிஷ் வேலைக்கும் அதுவே உற்ற கருவியாயிற்று.

வார்னிஷும் அதன் இயல்பும்

வார்னிஷ் என்பது காயும் எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சி, டர்பன்டைன் போன்ற தைலத்தில் இளக்கிய கலவை. ஆளிவிதை எண்ணெயும் சீனத்து டங் எண்ணெயும் இதற்கு அடிப்படை. பாய்மரத் தண்டுகள் காற்றில் வளையும்போது பூச்சும் உடன் வளைய வேண்டும் என்பதால் எண்ணெய் மிகுதியாகச் சேர்த்த வார்னிஷ் அவற்றுக்கென உருவாயிற்று. பழைய வார்னிஷ்கள் ஈரம் பட்டால் வெண்மையாகப் பூத்துவிடும். 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘வால்ஸ்பார்’ என்னும் வார்னிஷ், கொதிநீர் பட்டாலும் வெளுக்காதது எனப் புகழ்பெற்றது. பின்னாளில் செயற்கைப் பிசின்களும், புறஊதாக் கதிர்களைத் தாங்கும் சேர்மானங்களும் வந்து சேர்ந்தன.

வார்னிஷ் ஒரே பூச்சில் முடிவதன்று. படகில் ஆறு, எட்டு பூச்சுகள் வரை பூசுவதுண்டு. நன்கு காய்ந்த பூச்சு கண்ணாடி போலாகிவிடுவதால் அடுத்த பூச்சு அதைப் பற்றிக்கொள்வதில்லை. எனவே ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே மெல்லத் தேய்த்து மின்னலைப் போக்கி, புதுப்பூச்சுக்குப் பிடிமானம் தர வேண்டியுள்ளது. வார்னிஷ் வேலையில் தூரிகைக்கு உள்ள அளவு பங்கு உப்புத்தாளுக்கும் உண்டு என்பது இதனாலேயே.

எதற்கு எந்தத் தாள்?

இவ்வரலாறு முழுவதும் சேர்ந்து கற்பிப்பது, வேலைக்கேற்ற பொருளைத் தேர்வதே அறிவுடைமை என்பதாகும்.

தாளின் பின்புறத்து எண், பரலின் பருமையைக் காட்டும். ஓர் அங்குலத்தில் எத்தனை கண்கள் உள்ள சல்லடையில் சலித்தது என்ற வழக்கிலிருந்து வந்ததே அவ்வெண். எண் கூடினால் பரல் நுண்மையாகும். 80ஆம் எண் தாளில் பரல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு; 120இல் எட்டில் ஒரு பங்கு. ஐரோப்பிய முறையில் எண்ணுக்கு முன் ‘பி’ என்ற எழுத்து இருக்கும். நுண்ணிய தாள்களில் ஐரோப்பிய எண்ணும் அமெரிக்க எண்ணும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க 400 ஐரோப்பிய பி800க்கு நெருங்கியது. இதை அறியாது வாங்குவோர் ஏமாற நேரும்.

பழைய வார்னிஷை உரிக்கும்போது முதலில் சுரண்டி கொண்டு இயன்றவரை சுரண்டி எடுப்பதே சிறந்தது. தாளால் மட்டும் உரிக்க முயன்றால், உராய்வின் சூட்டில் இளகிய வார்னிஷ் தாளில் அப்பிக்கொள்ளும். அதன் பின்னர் பரல்கள் இடைவெளிவிட்டு ஒட்டிய அலுமினியம் ஆக்சைடு தாளில் 80ஆம் எண்ணைக் கொண்டு தொடங்கி, 120, 180, 220 எனப் படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கும். 80இலிருந்து நேரே 220க்குத் தாவினால், ஆழ்ந்த கீறல்கள் அப்படியே தங்கி, வார்னிஷ் பூசிய மறுகணமே ஊருக்கெல்லாம் தெரியும்படி வெளிப்பட்டு நிற்கும். மர இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடு எளிதில் மறையாது.

அலுமினியம் ஆக்சைடு உறுதியானது. நீண்ட நேரம் உழைக்கும். கார்னெட் தாள் விரைவில் தேய்ந்தாலும் மரத்தின் மேல் மென்மையான முடிவைத் தரும். சிலிக்கன் கார்பைடு மிகக் கூரியது, ஆனால் நொறுங்குவது. நீர்த்தாளில் 320, 400 ஆகிய எண்களில் பூச்சுக்கு இடையே தேய்ப்பதற்கு அது மிகப் பொருத்தம். வெறும் மரத்தை நீர் விட்டுத் தேய்ப்பது கூடாது. இழைகள் பருத்து எழும்பிவிடும்.

படகில் எஃகு நாரைப் பயன்படுத்தவே கூடாது. அதன் நுண்ணிய துணுக்குகள் மரத்தின் துளைகளில் தங்கி, உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பூச்சுக்குக் கீழே கறுத்த புள்ளிகளாகும். அதற்கு மாற்றாகத் துருப்பிடிக்காத வெண்கல நார் உண்டு. ஒட்டுப்பலகை எனில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதன் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும். இயந்திரத்தை ஒரே இடத்தில் சற்று நிறுத்தினாலும் அடியிலுள்ள அடுக்கு தெரிந்துவிடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தேய்த்து முடித்ததும் தின்னர் நனைத்த துணியால் துடைத்த பின்னரே வார்னிஷ் பூச வேண்டும். இல்லையேல் 1914இல் கார்னெட் கற்களுக்கு நேர்ந்த கதியே வார்னிஷுக்கும் நேரும்.

தூசியின் விலை

இனிச் சொல்லப்போவது மரத்தைப் பற்றியதன்று. மனித உயிரைப் பற்றியது.

1870ஆம் ஆண்டில் பெஞ்சமின் டில்மன் என்பவர் மணலைக் காற்றின் வேகத்தில் வீசித் தேய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேலை விரைந்தது. ஆனால் நொறுங்கிய மணலின் நுண்தூசி தொழிலாளரின் நுரையீரலில் படிந்து ‘சிலிக்கோசிஸ்’ என்னும் தீராத நோயைத் தந்தது. உலோக வார்ப்புகளைத் தேய்ப்பதற்கு மணலைப் பயன்படுத்துவதை பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளின் மூலம் விலக்கியது. மரத்திற்கு இம்முறை அறவே பொருந்தாது. மென்மையான இழையைத் தின்று கடினமான இழையை மேடாக விட்டுச் செல்லும்.

பழைய படகுகளின் வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பது மற்றோர் ஆபத்து. மரத்திற்கு முதற்பூச்சாகச் செவ்வீயம் பூசுவது நெடுங்கால வழக்கம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், வர்ணம் பூசிய கைப்பிடிகளிலும் சுவர்களிலும் உள்ள ஈயமே குழந்தைகளை நோயுறச் செய்கிறது என்று 1904ஆம் ஆண்டிலேயே எழுதினார். உலகம் அதைச் செவிமடுக்க நெடுங்காலம் ஆயிற்று. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ஆம் ஆண்டில்தான் வெளியாயின. ஆகவே பழைய வர்ணத்தை உலர்வாகத் தேய்ப்பவர் தாம் மட்டும் அத்தூசியைச் சுவாசிப்பதில்லை. உடையில் ஏற்றிச் சென்று வீட்டிலுள்ள குழந்தைக்கும் ஊட்டுகிறார். மரத்தூசியும் எளிதானதன்று. உலகச் சுகாதார அமைப்பின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு மையம் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலில் 1995இல் சேர்த்துள்ளது.

எனவே பழைய வர்ணமாயின் நனைத்தே தேய்க்க வேண்டும். வார்னிஷாயினும் வெறும் மரமாயினும் தூசி உறிஞ்சும் கருவியும் முகத்தில் படிந்து பொருந்தும் முகமூடியும் வேண்டும். மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. வேலை உடையை வேறாகத் துவைக்க வேண்டும்.

அன்புச் சகோதரர்களே! வளைகுடா நாடுகளிலும் பிற துறைமுகங்களிலும் படகுப் பட்டறைகளில் நம் இளைஞர்கள் பலர் பணிபுரிகின்றனர். உள்ளூரிலும் தச்சுத் தொழிலும் வர்ணத் தொழிலும் செய்வோர் நம் மஹல்லாக்களில் உண்டு. முகமூடி கேட்பதைக் கோழைத்தனமாகவும், நனைத்துத் தேய்ப்பதை நேர விரயமாகவும் எண்ணும் மனப்போக்கு நம்மிடையே இருந்து வருகிறது. வேலைக்கு ஆள் வைப்போர் தாளும் இயந்திரமும் வாங்கித் தருவது போன்றே முகமூடியையும் வாங்கித் தருவது அவர்கள்மீதுள்ள கடமையாகும். கூலி வியர்வைக்கு உரியது; நுரையீரலுக்கு ஈடாக எந்தக் கூலியும் இல்லை.

சுறாத்தோலில் தொடங்கிச் சிலிக்கன் கார்பைடு வரை வந்த இவ்வரலாற்றில் கருவிகள் பல மாறின. மாறாதது ஒன்றுண்டு. தேவையான அளவு மட்டும் தேய்ப்பவரின் கையில் மரம் தலைமுறைகளைக் கடந்து வாழ்ந்தது. மிகுதியாகத் தேய்த்தவர் கையில் தேக்கும் தாளாக மெலிந்தது. எதை எவ்வளவு நீக்குவது, எதை விட்டு வைப்பது என்று அறிந்து, தம் உடலையும் தம்மிடம் பணிபுரிவோர் உடலையும் காத்துத் தொழில் செய்வோர் நம் ஜமாஅத்தில் பெருக வேண்டும் என்பதே நமது அவா.